வேலி தாண்டிய மல்லாட்டை

பண்ணை அலுவலக அலமாரியில் கிடக்கும் பழைய வாயில் பதிவேட்டைப் உங்களில் புதிதாக வந்தவர்கள் யாராவது புரட்டியிருந்தால், ஒரு பக்கத்தில் என் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்று யாரும் உள்ளே வரவில்லை' என்பதுதான் அடிபட்ட வரி. அதற்குக் கீழே, பதினைந்து நாள் தள்ளிய தேதியில், 'மேலே எழுதியது பொய். ஆறு பேர் வந்தார்கள். கதவைத் திறந்தவன் நான்' என்று இருக்கும். அது என்ன கதை என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஓரிடத்தில் உட்காரத் தெரியாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். மறுபடி கிளம்புவதற்கு முன்னால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதில் சேர்ந்தேன், போகவில்லை. லாரியில் கிளீனராகப் போனேன். கரும்பு வெட்டினேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு கஃபேயில் கோப்பை கழுவினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அங்கே பொறுக்கியதுதான். அதற்குப் பிறகு வாழைக்கன்று வளர்க்கும் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் குப்பி கழுவும் வேலை கிடைத்தது. ஒரு தாய்வாழையின் குருத்தை வெட்டி, குப்பிக்குள் வைத்து, அதிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளை எடுப்பார்கள். எல்லாம் ஒரே அச்சு. அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது, அதே ஆள்தான். குளோனிங் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கழுவிய குப்பியில் பார்த்தேன். தாய்வாழைக்கு நோய் இருந்தால் ஆயிரம் கன்றுக்கும் நோய் இருக்கும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆனால் அங்கே தப்பு நடந்தால் அது குப்பிக்குள் இருக்கும். குப்பியோடு அவித்துக் கொட்டிவிடலாம். கொல்லையில், அதாவது திறந்த வயலில், நடக்கும் தப்புக்கு மூடி கிடையாது.

வாழைக் கூடம் மூடியபோது நம் பண்ணையில் ஆள் எடுத்தார்கள். கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் அரை ஏக்கர் கொல்லை. சுற்றிலும் இரட்டை வேலி, ஒரே ஒரு கதவு. அந்தக் கதவின் சாவியும் பதிவேடும் என் பொறுப்பு. உள்ளே பயிர், மரபணு மாற்றிய மல்லாட்டை. வேர்க்கடலை என்று எழுதினால் எனக்கு வேறு ஏதோ ஊர்ப் பயிர் மாதிரி இருக்கிறது, அதனால் மல்லாட்டை என்றே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் மல்லாட்டைக்கு மொட்டுக் கருகல் என்று ஒரு வைரஸ் நோய் வரும். குருத்து கருகி, செடி குட்டையாகி, காய் பிடிக்காமல் போய்விடும். அந்த வைரஸிலிருந்தே மரபணுவில் ஒரு துண்டை எடுத்துச் செடிக்குள் வைத்திருந்தார்கள். 'அம்மை வராம இருக்க ஊசி போடற மாதிரினு வெச்சுக்கங்களேன்' என்று மேடம் எனக்குச் சொன்னார். மேடம் என்றால் அந்தச் சோதனைக்குப் பொறுப்பான விஞ்ஞானி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிர் அருமையாக வந்தது. வேலிக்கு வெளியே அண்டைக் கொல்லைகளில் குருத்து கருகி நின்றது. வேலிக்கு உள்ளே பச்சைப் பசேலென்று நின்றது. அந்தப் பச்சையைப் பார்க்க நானே காரணம் இல்லாமல் இரண்டு தடவை சுற்றி வருவேன்.

அறுவடை நடந்தது. பிடுங்கிய செடியைக் குழியில் போட்டுக் கொளுத்தினோம். காயை எடை போட்டு முத்திரை வைத்தோம். கொல்லையைக் கிளறி, தட்டுப்பட்டதையும் எடுத்தோம். அடுத்தது உங்களுக்குத் தெரிந்த விதிதான்: கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சி, மண்ணில் விட்டுப்போன காய் முளைத்து வருகிறதா என்று பார்த்து, முளைத்ததைப் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். அது முடியும்வரை உள்ளே ஈ, காக்கை நுழையக் கூடாது.

தண்ணீர் பாய்ச்ச மோட்டார் ரிப்பேர். அந்த இடைவெளியில், அறுவடை முடிந்த மூன்றாம் நாள் காலையில், செடி பிடுங்க வந்த அதே ஆறு பெண்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். கையில் களைக்கொட்டு, தோளில் பை. முன்னால் செல்வி. அவள்தான் அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி.

"அண்ணே, கதவத் தொறங்க."

"இன்னிக்கு வேலை இல்லியே செல்வி."

"வேலைக்கு யார் வந்தாங்க? பொறுக்க வந்தோம்."

மல்லாட்டை விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செடி பிடுங்கியவர்களுக்கு, மண்ணில் விட்டுப்போன காயைப் பொறுக்கிக்கொள்ளும் பாத்தியதை உண்டு. எந்தக் கொல்லைக்காரரும் மறுக்கமாட்டார். பொறுக்க விடாத கொல்லை மறுபோகம் காய்க்காது என்று ஒரு பேச்சுகூட இருக்கிறது. மேடத்துக்கு இது தெரியாது, அவர் ஊரில் மல்லாட்டை இல்லை. விதிகளை எழுதியவர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நானாவது அறுவடைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"இது கவர்மெண்ட் ரூல் போட்ட கொல்லை. உள்ள விடக்கூடாது" என்றேன்.

"புடுங்கறப்ப உள்ள வுட்ட ரூலு, பொறுக்கறப்ப வுடாதா? இன்னாண்ணே, நீங்களும் மொதலாளி ஆயிட்டீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கிளீனர் வேலை போன ஒரு வருஷம், அடுத்தவர் கொல்லையில் பொறுக்கிய மல்லாட்டையைத் தின்று பத்து நாள் ஓட்டியவன் நான். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். இன்னொன்றும் தோன்றியது: பொறுக்கினால் கொல்லை சுத்தமாகும், நமக்கும் நல்லதுதானே. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தப்பு செய்யப் போகிற நேரத்தில் அதற்கு ஒரு நல்ல காரணம் தானாக வந்து பக்கத்தில் நிற்கும். அது வந்து நின்றாலே உஷாராகிவிடுங்கள்.

திறந்துவிட்டேன். மதியத்துக்குள் பொறுக்கி முடித்தார்கள். வரப்பில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, படியால் அளந்து, ஆளுக்கு நாலு படி என்று சமமாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். நான் பதிவேட்டில் 'யாரும் வரவில்லை' என்று எழுதினேன். கதவைத் திறந்தது முதல் தப்பு. இது இரண்டாவது. முதல் தப்பை இரக்கம் என்று யாராவது சொல்லலாம். இரண்டாவதுக்கு அப்படிப் பேரே கிடையாது.

மோட்டார் சரியாகி, தண்ணீர் பாய்ச்சினோம். பன்னிரண்டு நாள் கழித்து மேடம் வந்தார். அன்று பௌர்ணமி. காலை எட்டு மணிக்கே கிரிவலத்துக்கு வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன.

கொல்லையில் ஒரு முளைகூட இல்லை.

பண்ணை மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க மேடம், கிளீன்! இப்படி ஒரு கிளீன் அறுவடை எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க."

மேடம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். குனிந்து மண்ணைக் கிளறினார். பிறகு என்னிடம் வந்தார்.

"எலி தின்னிருக்குமா?"

"எலி தின்னா தோலு கெடக்கும்ங்க மேடம்."

"தோல் இல்லை. நாலு முளையாவது இருக்கணும். நாப்பது இருந்தாக்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒண்ணுமே இல்லைன்னாதான் பயமா இருக்கு." சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யார், என்ன என்று கேட்கவில்லை. குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

நல்ல செய்தியைச் சந்தேகிக்கத் தெரிந்தவரிடம் வேலை பார்ப்பது பெரிய பாக்கியம். அன்று அது எனக்குப் பாக்கியமாகத் தெரியவில்லை. ஆனால் அவர் திட்டியிருந்தால் பொய்யைப் பிடித்துக்கொண்டே நின்றிருப்பேன். திட்டாமல் உட்கார்ந்திருந்ததால் சொல்லிவிட்டேன்.

"மேடம், நாந்தான் கதவத் தொறந்தேன். ஆறு பொம்பளைங்க பொறுக்கினாங்க. ஆளுக்கு நாலு படி."

"யோவ்! என்னய்யா சொல்ற?" என்று மேனேஜர் பாய்ந்தார். உடனே குரலை இறக்கினார். "மேடம், நமக்குள்ளயே இருக்கட்டும். அப்பவே தின்னு தீர்த்திருப்பாங்க. கொல்லை கிளீன்னு எழுதிடுவோம். அது பொய்யும் இல்லையே?"

"தின்னவங்களை நாம கேட்டோமா சார்?"

"அதுல ஒண்ணும் ஆகாதுனு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆகாதுனு எனக்குத் தோணுது. அந்தச் சோதனை இன்னும் முடியலை. எனக்குத் தோணுறதை ஊருக்கு ஊட்ட முடியுமா?"

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி இறங்கியது. செல்வி பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டை விற்பவள். காய்ந்த காயை முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் மத்தியானம் அடுப்பேற்றுவார்கள். அன்றுதான் பௌர்ணமி. சாயங்காலம் மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தில் ஒரு பொட்டலம் கைமாறினால் அதைத் தின்றவர் யார், எந்த ஊர் என்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பொட்டலம் போனாலும் போனதுதான். சொன்னேன். மேடம் எழுந்துவிட்டார்.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். "பூச்சி மருந்து அடிச்ச காய்னு சொல்லி வாங்கிடலாம். ஒரே நிமிஷத்துல கொண்டாந்து கொடுப்பாங்க."

"கொடுக்க மாட்டாங்க சார்" என்றேன். "மருந்து அடிச்சதுன்னா பயந்துபோய்க் குப்பமேட்டுல கொட்டிடுவாங்க. ஒரு மழை பேஞ்சா முளைக்கும். அப்புறம் அந்த ஊர் மல்லாட்டையை எவனும் வாங்கமாட்டான். உள்ளதச் சொன்னாத்தான் உள்ளது திரும்பி வரும்."

எட்டாவது படித்தவன் சொன்னதை மேடம் கேட்டார். என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் சோதனைப் பட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டார். அந்தப் பட்டைகள் இப்போது உங்களிடமும் இருக்கின்றன. காயைத் தண்ணீர் விட்டு அரைத்து, பட்டையை முக்கினால், சாதாரணக் காய்க்கு ஒரு கோடு, நம் காய்க்கு இரண்டு கோடு.

ஊரில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் செல்வியின் வீடு. வாசலில் இரண்டு பெரிய அண்டாவில் காய் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டனுப்பினோம். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். செடிக்குள் வேறொன்றின் மரபணுத் துண்டு இருப்பது, அது எதற்கு என்பது, தின்னலாமா என்று இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்பது, எதையும் விடவில்லை.

செல்வி முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்டாள். "புடுங்க வந்தப்ப இத்த ஏன் சொல்லல?"

மேடம் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். செல்வி விடவில்லை.

"நாலு நாளு வெய்யில்ல புடுங்கனோம். ஆராய்ச்சிக் காயி, ஆராய்ச்சிக் காயின்னீங்க. இன்னா ஆராய்ச்சினு எங்களுக்குச் சொன்னா புரியாதா? படிக்காதவளுக்கு வாய் மட்டும்தான் இருக்குது, காது இல்லன்னு நெனச்சீங்களா?"

"தப்புதாங்க" என்றார் மேடம். "சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

அந்த வார்த்தையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. குப்பு என்கிற பெண் முன்னால் வந்தாள். "நான் அன்னிக்கே ஒரு படி அவிச்சிட்டேன். புள்ளைங்க தின்னுச்சுங்க. அதுங்களுக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதுனு நம்பறேன். நம்பிக்கையோட விடமாட்டேன். இன்னிக்கே டாக்டரைக் கூட்டிட்டு வரேன். பசங்களைப் பார்க்கச் சொல்றேன், அதுக்கப்புறமும் பார்க்கச் சொல்றேன்." சொன்னபடி சாயங்காலமே டாக்டர் வந்தார், பிறகும் வந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், உங்களைப் பதற வைக்க எனக்கு ஆசையில்லை.

பிறகு வேலை வேகமாக நடந்தது. நாலு பேர் வீட்டிலிருந்து உலர்த்திய காயை அப்படியே கொண்டுவந்து கொட்டினார்கள். அதே படியால் அளந்தோம். பதினாறு படி இருந்தது, குறையவே இல்லை. செல்வி தன் நாலு படியை விலைக்கு வாங்கிய இரண்டு மூட்டைக் காயோடு கலந்து ஊறப்போட்டுவிட்டாள். அவள் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்து மேடம் பட்டையை முக்கினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம்.

"இன்னாடி இது," என்றாள் குப்பு, "புள்ள உண்டாயிருக்கானு பாக்கற மாதிரியே கீது."

இரண்டாவது கோடு மெல்ல எழும்பியது.

"உண்டாயிருக்கு" என்றாள் செல்வி. அந்த நெருக்கடியிலும் ஆறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் வேறு கட்சி, நாங்கள் வேறு கட்சி என்பது இல்லாமல் போனது.

குப்பு மிச்ச மூன்று படியைக் கீழ்பென்னாத்தூர் கடைவீதியில் பாயின் மண்டியில் கொடுத்து எண்ணெய் வாங்கியிருந்தாள். செல்வியும் எங்களோடு வந்தாள். ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு முன்னாலேயே போய் இறங்கினாள்.

பாய் குடும்பம் நாலு தலைமுறையாக அங்கே மல்லாட்டை வியாபாரம். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காயில பூச்சி இருக்கா பார்ப்பேன். கல்லு இருக்கா பார்ப்பேன். ஜீன் இருக்கானு எந்தக் கண்ணால பாக்கறது மேடம்?"

"எல்லாக் காயிலயும் ஜீன் இருக்கு பாய்" என்றார் மேடம்.

"யா அல்லாஹ்! அப்ப மொத்த மண்டியையும் கொளுத்தணுமா?"

அவருக்குப் பொறுமையாக விளக்கினோம். புரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், தராசுக்கு முன்னால் நின்ற வாடிக்கைக்காரர்களிடம் "இன்னிக்கு வியாபாரம் கிடையாது, மன்னிச்சுக்கங்க" என்று சொன்னதுதான். பௌர்ணமி அன்று காலையில் ஒரு மல்லாட்டை வியாபாரி இதைச் சொல்வது எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களில் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். குப்பு கொடுத்த அன்றைக்குச் சில்லறையாக வந்த காய் எல்லாம் சேர்ந்து மூன்று மூட்டையாகியிருந்தது. இரண்டு மூட்டை அங்கே இருந்தது. ஒன்றுக்கு ஒரு கோடு. ஒன்றுக்கு இரண்டு.

மூன்றாவது?

"நேத்து காலையில போயிடுச்சு" என்றார் பாய். "செங்கம் ரோட்டுல அவிச்சு விக்குமே, மூக்குத்தி ரெண்டு பக்கமும் போட்ட பொண்ணு."

"ஐயோ, அது எங்க ஓரகத்தியோட தங்கச்சி!" என்றாள் செல்வி. அதற்குள் மொபெட்டில் ஏறியிருந்தாள். மேடம் மண்டியிலேயே உட்கார்ந்து, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். நாங்கள் தேடிப் பிடிப்போமா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே எழுதினார். நடந்தது இது, இன்னும் ஒரு மூட்டை கிடைக்கவில்லை, பொறுப்பு என்னுடையது. போன் மூலமாகவே அனுப்பியும் விட்டார். முடிவு தெரிந்தபின் எழுதினால் முடிவுக்குத் தகுந்த மாதிரி எழுதத் தோன்றும் என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்.

கிரிவலம் நடக்கும் டவுனுக்குள் நுழைந்தபோதே கூட்டம். பஸ்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள். சந்துகளில் புகுந்து, எனக்குப் பழைய பழக்கமான கஃபே பின்புறமாகச் செங்கம் ரோட்டில் ஏறினேன். மணி இரண்டரை இருக்கும். ஆசிரமத்தைத் தாண்டி, புளியமரத்தடியில் அந்தப் பெண் அடுப்பை மூட்டி, அண்டாவில் காய் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் காவி வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் கையில் பொட்டலத்தோடு நின்றார். முதல் காயை உடைத்துவிட்டார்.

வண்டி நிற்பதற்குள் செல்வி குதித்தாள். "சாமி! போடாத! வாயில போடாத!"

அவர் திகைத்து நின்றார். செல்வி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நான் என் கஃபே இங்கிலீஷை எல்லாம் திரட்டி, சாரி சார், இந்தக் காய் இன்னும் சோதிக்காதது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த பருப்பைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்கினவங்க வேற யாராச்சும்?" என்று கேட்டேன்.

"இவுருதான் போணி" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "போணியக் கெடுத்துட்டீங்களே! இன்னாக்கா இது, உன் வியாபாரத்துக்கு நான் போட்டின்னா நேராச் சொல்லேன்!"

அண்டாவிலிருந்து பத்துக் காயை எடுத்து நசுக்கி, மேடம் கொடுத்தனுப்பிய பட்டையை முக்கினேன். ஒரு கோடு வந்தது. இரண்டாவது இடத்தில் ஏதோ நிழல் மாதிரி. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. வெந்த காயில் பட்டை சரியாக வேலை செய்யாது என்று மேடம் சொல்லியிருந்தார். போன் போட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் லைன் கிடைக்கவே இல்லை.

நீங்கள் இந்த வேலையில் எத்தனை வருஷம் இருந்தாலும், கடைசியில் இப்படி ஓரிடத்தில்தான் வந்து நிற்பீர்கள். கேட்க யாரும் இல்லை. கருவி வாய் திறக்காது. எதிரில் ஒரு பெண்ணின் பிழைப்பு கொதிக்கிறது. பொறுக்க வந்தவர்களைப் பார்த்து இரக்கப்பட்டபோதும் எனக்கு இதே மாதிரிதான் மனசு இளகியது. அன்று கதவைத் திறந்தேன். இன்று அடுப்பை அணைத்தேன்.

"சந்தேகமா இருக்குதும்மா. சந்தேகம்னா அது எங்க காயி. மொத்தமும் நான் எடுத்துக்கறேன்."

"அப்ப நான் இன்னாத்த விக்கறது? மலையச் சுத்தி வரவங்களுக்குக் கல்லக் குடுக்கட்டுமா?"

அதற்குச் செல்வி ஒரு வழி சொன்னாள். "பாய் ஒரு கோடு வந்த மூட்டைய எனக்குத் தரேன், பையன்கிட்ட இங்கயே குடுத்தனுப்பறேன்னிருக்காரு. அத்த நீ எடுத்துக்கடி. எனக்கும் இன்னிக்கு அண்டா காலிதான். ரெண்டு பேரும் ஒரே அடுப்புல அவிச்சு ஒண்ணா விப்போம். இவ்ளோ நாளா போட்டியில உன்னோட பேசாம இருந்தேன், அந்தக் கணக்கு இதோட தீந்துச்சுன்னு வெச்சுக்க."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்டாவத் தேய்ச்சுக் குடு மொதல்ல."

நான்தான் தேய்த்தேன். கோப்பை கழுவிய கை. ஒரு பருப்பு ஒட்டியில்லாமல் தேய்த்து, கழுவிய தண்ணீரையும் கேனில் பிடித்துக்கொண்டேன். நாலு மணிக்கு பாயின் மகன் ஆட்டோவில் மூட்டையோடு வந்து இறங்கினான். காத்திருந்து ஊறவைக்க நேரமில்லை. மணலில் போட்டு வறுத்தார்கள். வறுத்த மல்லாட்டை வாசம் ரோடு முழுக்க அடித்தது. இருட்டும் முன்பே மூட்டை பாதி காலி.

எங்கள் காய் ஒன்றுகூட மலையைச் சுற்றவில்லை. எல்லாவற்றையும் பண்ணைக் குழியில் போட்டு, மேடம் முன்னால் நிற்க, சாம்பலாகும்வரை கொளுத்தினோம். அதற்குப் பிறகுதான் பதிவேட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன். கிழித்துவிடலாமே என்று மேனேஜர் சொன்னார். கிழித்தால் அது மூன்றாவது தப்பு.

சோதனையை ஒரு போகத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அது நியாயம்தான். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். என் வேலை போகும் என்று பையைக் கட்டிவைத்திருந்தேன். எனக்குப் பை கட்டுவது புதிதில்லை. செல்வியையும் கூப்பிட்டார்கள்.

"எல்லாக் காயும் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

"நாங்க பொறுக்கறத வரப்புலயே அளந்துதாங்க சார் பிரிப்போம். ஒருத்திக்கு ஒரு காய் ஜாஸ்தி போனாலும் மறுநாள் சண்டை வந்துடும். ஆறு நாலு இருவத்தி நாலு படி. பதினாறு கைக்கு வந்துச்சு, என்னுது நாலு படி, ஊறப்போட்ட காயோட எரிஞ்சுது, குப்பு மூணு மண்டியில, ஒண்ணு அவ புள்ளைங்க வயித்துல. உங்க ஆளுங்க கொல்லையில எத்தினி காய வுட்டாங்கனு அவங்களுக்குத் தெரியுமானு கேளுங்க."

பெரியவர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "தெரியாது சார்" என்றார்.

பெரியவர் பேனாவை மூடினார். "அப்படியானால் அடுத்த தடவை இவர்களை வெளியே நிறுத்த வேண்டாம்" என்றார்.

அப்படித்தான் நீங்கள் இன்று பின்பற்றும் விதி வந்தது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அது என்ன பயிர் என்று அவர்கள் பேச்சில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிடுங்கியவர்களே கடைசிக் காய்வரை பொறுக்குவார்கள், பொறுக்கியதை அங்கேயே அளந்து ஒப்படைப்பார்கள், அதற்கு ஈடாக வெளிச்சந்தை மல்லாட்டை அதே படியில் அவர்கள் பைக்குப் போகும். பாத்தியதை பாத்தியதையாகவே இருக்கும், காய் மட்டும் மாறும். வேலை போகாமல் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மறு அறுவடை அன்று சாவி செல்வியின் இடுப்பில் தொங்கியது. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர, அவள் கதவடியில் நின்று சேலை மடியை உதறச் சொன்னாள், பையைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னாள். மேனேஜர் செருப்பைக் கழற்றித் தட்டினார். மேடம் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். கடைசியாக நான்.

"அண்ணே, பேண்ட்டு மடிப்ப அவுத்து வுடுங்க."

"என்னையுமா செல்வி?"

"உங்களத்தான் மொதல்ல பாத்திருக்கணும்."

குனிந்து மடிப்பைப் பிரித்தேன். இடது காலிலிருந்து ஒரு காய் உருண்டு மண்ணில் விழுந்தது. இரண்டு பருப்பு உள்ள நல்ல முற்றிய காய். சத்தியமாக எனக்கே தெரியாது. வரப்பில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். செல்வி அதை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு, நெருப்புக் குழியில் போட்டாள். பிறகு கதவைப் பூட்டினாள்.